நிறத்தை மாத்தாம தருவீங்களா அக்கா?

கல்யாணச் சோடியைப் படம் எடுக்க வேண்டும் என்றால் எங்கள் ஊரான மட்டக்களப்பில் எல்லாரும் தண்ணீர்ப் பக்கம்தான் போவார்கள். கல்லடிப் பாலம், கல்லடிக் கடற்கரை, முகத்துவாரத்து வெளிச்சவீடு, வாகனத்துக்குக் காசு இருந்தால் பாசிக்குடா. நல்ல இடங்கள்தான், நானும் போய் எடுத்திருக்கிறேன். ஆனால் அங்கே எடுத்த ஆல்பங்களை நாலு வீட்டில் வாங்கிப் பார்த்தால் முகங்கள் மட்டும்தான் மாறியிருக்கும். நான் சோடிகளை ஒழுங்கைக்குள் கூட்டிக்கொண்டு போகிறேன். புளியந்தீவில் பேராலயத்துக்குப் பின்னால் ஆற்றுப் பக்கம் இறங்குகிற சின்னத் தெருக்கள், தாண்டவன்வெளியில் இரண்டு மதில்களுக்கு நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் போகிற இடங்கள், கோட்டைமுனைக் கடைகளின் பின்பக்கம். "ஏன் புள்ள, போயும் போயும் இந்தக் குச்சொழுங்கைக்குள்ள?" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அதற்கான பதிலை எழுதி வைக்க வேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தால் அந்தப் பதிலோடு இன்னொரு விஷயமும் சேர்ந்து வருகிறது, போன வருடம் ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி. அது இன்னும் மனதில் அடங்கவில்லை.

தொடங்கியது வேலைக்குப் போகிற வழியில். ஒரு தனியார் கந்தோரில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் இருந்து வந்த மாமா தன் பழைய கமராவை எனக்கு விட்டுப்போனார், அதோடு ஒரேயொரு 50 மில்லிமீற்றர் லென்ஸ். படம் பதிகிற சென்சர் சின்னதாக உள்ள கமராவில் அந்த லென்ஸைப் போட்டால் 75, 80 மில்லிமீற்றர் லென்ஸ் மாதிரித்தான் பார்க்கும், அதாவது நெருங்கித்தான் பார்க்கும். ஒழுங்கைக்குள் ஒரு ஆளை முழுசாக எடுக்க முதுகு மதிலில் முட்டும்வரை பின்னால் போக வேண்டும், அப்போதும் கால் வெட்டுப்படும். அதனால் நான் நீளவாக்கில் பார்க்கப் பழகினேன். ஒழுங்கையின் ஒரு முனையில் நான், மறு முனையில் ஆள், நடுவில் இருக்கிற எல்லாம் படத்துக்குள்: சாய்த்து வைத்த சைக்கிள், கொடியில் காயும் சாரம், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் முருங்கை, மின்சாரக் கம்பி. கடற்கரையில் ஒரு பெண் கமராவோடு தனியாக நின்றால் வருகிற கேள்விகளும் பகிடிகளும் ஒழுங்கைக்குள் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே படலையில் நிற்கிற பெண்கள் "ஆர்ர மகள் நீ?" என்று ஒருமுறை கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டால் சரி, அடுத்த நாள் தேத்தண்ணி தருவார்கள்.

அப்புறம் வெளிச்சம். எங்கள் ஊரில் சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாள் முன்பும், பிறகு ஆவணியில், செப்டம்பர் முதல் கிழமையிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஆவணி கல்யாண மாதம் என்பது உங்களுக்குத் தெரியும். முகூர்த்தம் முடிந்து, சாப்பாடு முடிந்து, அந்த உச்சி வெயிலில் சோடியைக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தினால் கண்குழிக்குள் கறுப்பு, மூக்கின் கீழே கறுப்பு, நெற்றி மட்டும் மினுங்கும், இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பார்கள். ஒழுங்கை அப்படி இல்லை. வடக்குத் தெற்காக ஓடுகிற ஒழுங்கையில் காலை ஒன்பது மணிக்குக் கிழக்கு மதிலின் அடியில் நிழல் கிடக்கும், எதிரே மேற்கு மதிலில் வெயில் அடிக்கும். நிழலில் ஆளை நிறுத்தி வெயில் மதிலைப் பார்க்கச் சொன்னால் அந்த மதில் முழுவதுமே ஒரு பெரிய விளக்கு. சுண்ணாம்பு அடித்த பழைய மதில் என்றால் இன்னும் நல்லது, வெளிச்சம் அப்படியே மெதுவாக முகத்தில் வந்து பரவும். பச்சைப் பெயின்ற் மதிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தாடையின் கீழே பச்சை ஏறும், அதைக் கவனிக்க வேண்டும். தகர வேலி வெளிச்சத்தைத் துண்டு துண்டாக எறியும், அது எனக்குப் பிடிக்காது. கூறைச்சேலையின் சிவப்பு கழுத்தில் ஏறும், அது இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். கிழக்கு மேற்காக ஆற்றை நோக்கிப் போகிற தெருக்கள் மாலைக்கு உரியவை. ஐந்தரை மணிக்கு வெயில் தெருவின் வாயால் நேராக உள்ளே வரும். அந்த நேரத்தில் எதிர்வெயிலில் இரண்டு பேர் நடந்து வருவதைப் பார்த்தால் கமரா இல்லாதவர்களும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

கேட்டுவிட்டு எடுப்பது

ஒழுங்கைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரிந்தால் சோடிகள் கண்ணில் படுவார்கள். கல்யாணம் கட்டாத சோடிகள். காந்திப் பூங்காவில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள், டியூசன் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வேண்டுமென்றே சுற்றுவழியால் போகிறவர்கள், மதில் முடுக்கில் நின்று இரண்டு நிமிடம் கதைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிரிகிறவர்கள். அழகான படங்கள் அவை, எனக்குத் தெரியும். நான் எடுப்பதில்லை. மட்டக்களப்பு சின்ன ஊர். ஒரு படம் பேஸ்புக்கில் ஏறி, யாராவது ஒரு மச்சானின் கண்ணில் பட்டு, வீட்டுக்குப் போய்ச் சேர அரை மணித்தியாலம் போதும். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் படிப்பு நிற்கலாம், போன் பறிபோகலாம், இன்னும் மோசமாகவும் நடக்கலாம். பொது இடத்தில் யாரையும் எடுக்கலாம், தெருப்படம் என்றால் தெரியாமல் எடுப்பதுதான் கலை என்று என்னோடு வாதாடுகிற பொடியன்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தின் விலையை எடுக்கிறவன் கொடுப்பதில்லை, படத்தில் இருக்கிற பெண்தான் கொடுக்கிறாள்.

அவர்களிடம் நான் சொல்வது பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ரொபேர் துவானோவின் கதையை. 1950இல் லைஃப் சஞ்சிகைக்காக அவர் எடுத்த படம், பரிஸ் நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் சனம் நடந்து போய்க்கொண்டிருக்க ஒரு ஆணும் பெண்ணும் முத்தமிடுகிற அந்தப் படம், உலகம் முழுக்கச் சுவர்களில் தொங்கியது. தெருவில் தற்செயலாகக் கிடைத்த கணம் என்றே எல்லாரும் நம்பினார்கள். 1990களில் வேறொரு சோடி, அது நாங்கள்தான், எங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டார் என்று வழக்குப் போட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. துவானோ எடுத்தது நாடகம் படித்துக்கொண்டிருந்த இரண்டு இளம் காதலர்களை. அவர்கள் முத்தமிடுவதைக் கண்டு, கிட்டப் போய், இன்னொரு தரம் செய்வீர்களா என்று கேட்டு எடுத்திருக்கிறார். வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். இது தெரிந்ததும் படத்தின் மதிப்புப் போய்விட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதன் பிறகுதான் அந்தப் படம் கூடப் பிடித்தது. கேட்டிருக்கிறார், அவர்கள் ஓம் என்றிருக்கிறார்கள், அதற்குப் பிறகும் அந்த முத்தம் முத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே என் படங்களில் இருக்கிற சோடிகள் எல்லாரும் கேட்டு எடுத்தவர்கள். முதலில் என் மச்சாளும் அவளுடைய கணவரும். கல்யாணம் முடிந்த கிழமை, சும்மா, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையில். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அவளுடைய சிநேகிதி கேட்டாள், பிறகு சிநேகிதியின் தங்கச்சி. காசு வாங்கத் தொடங்கினேன். பிறகு ஊரில் ஒரு ஸ்டூடியோ கல்யாண நாட்களில் இரண்டாவது கமராவுக்கு என்னைக் கூப்பிட்டது, பெண் வீட்டில் மணப்பெண் வெளிக்கிடும்போது எடுக்க ஒரு பெண் தேவைப்பட்டது அவர்களுக்கு. கணக்கு வேலையை விட்டேன். வீட்டில் அம்மாவுக்கு அது சரியாகத் தெரியவில்லை, இப்போதும் முழுசாகச் சரியாகவில்லை.

அழிக்கிற வேலை

அந்த ஸ்டூடியோவில்தான் எடிட்டிங்கைக் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். கணினிக்கு முன்னால் இருக்கிற பொடியனின் வேலையில் பாதி, அழிப்பது. மின்சாரக் கம்பியை அழிப்பது, மதிலில் ஒட்டிய தேர்தல் போஸ்டரை அழிப்பது, பின்னால் நின்று பார்த்த சின்னப் பிள்ளையை அழிப்பது, பொம்பிளையின் கன்னத்து மச்சத்தை அழிப்பது. கடைசியில் நிறம். இதற்கு மந்திரம் ஒன்றும் தேவையில்லை. லைட்ரூம் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை, அதாவது வெளிச்ச அளவை, கூட்டிக் குறைக்க ஒரு இழுவைக் கோடு இருக்கிறது, அதை வலது பக்கம் இழுத்தால் போதும், எங்கள் ஆட்களின் தோல் அந்த நிறத்துக்குள்தான் விழுகிறது, இழுக்க இழுக்க வெளுக்கும். வெள்ளைக்காரர் நாட்டுக் கல்யாணங்களுக்காகச் செய்த பிரீசெட்களை, அதாவது ஆயத்த நிற அமைப்புகளை, வாங்கிப் போட்டால் அது தானாகவே நடந்துவிடும். இதில் ஒன்றைக் கவனித்தேன். தோல் வெளுக்கும்போது பின்னால் இருக்கிற ஓட்டுக் கூரையும் சேர்ந்து வெளுக்கிறது, செங்கல் வெளுக்கிறது, மதிலடியில் ஒட்டியிருக்கிற மண் வெளுக்கிறது. பெண்ணுக்கும் ஒழுங்கைக்கும் ஒரே நிறம் என்பதால் ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. ஒழுங்கைக்குள் படம் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற எனக்கு அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பது கஷ்டமாக இருந்தது.

இது எங்கள் ஊரில் பிறந்த பழக்கம் மட்டும் இல்லை. 1950களில் இருந்து படம் கழுவும் கூடங்களுக்குக் கொடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பியது, ஷெர்லி அட்டை என்று பெயர், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவளுடைய தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று அர்த்தம். மற்றத் தோல்கள் எப்படி வருகின்றன என்று பார்க்க அப்போது அட்டை இல்லை. பிறகு பிலிம் கடும் நிறங்களைக் கொஞ்சம் நன்றாகக் காட்டத் தொடங்கியதற்குப் பின்னால் இருந்த ஒரு காரணம், சொக்லேட் கொம்பனிகளும் மரத் தளபாடம் விற்கிறவர்களும் கொடுத்த முறைப்பாடு. தங்கள் சொக்லேட்டின் வகைகள் படத்தில் பிரிந்து தெரியவில்லை, மரத்தின் இழை தெரியவில்லை என்று. கறுத்த முகங்கள் இருட்டிப்போவது அதற்கு முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது. இதை முதலில் வாசித்தபோது என் அம்மாவின் கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் கண்ணும் பல்லும் தெரிகிறது, தாலி தெரிகிறது, முகத்தின் மற்ற இடமெல்லாம் ஒரே கறுப்பு. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லாரும். படத்தில் கறுப்பாக விழுவேன் என்ற பயம் பவுடரைப் பூசிக்கொண்டு வந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படி ஆகத்தான் வேண்டும் என்றும் இல்லை. இந்தத் தீவிலேயே லயனல் வென்ட் என்று ஒருவர் 1930களில் கறுத்த உடம்புகளைப் படம் எடுத்திருக்கிறார், 1944இல் இறந்துவிட்டார். கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். அவற்றில் தோளிலும் முதுகிலும் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்தால் கறுப்புக்குள் எத்தனை படி இருக்கிறது என்று தெரியும்.

அந்தக் கேள்வி

ஸ்டூடியோவை விட்டுவிட்டுத் தனியாகச் செய்யத் தொடங்கிய பிறகு ஒரு பெண் வாட்ஸ்அப்பில் எழுதினாள். கல்யாணம் ஆவணியில், கோயிலில் தாலி கட்டு, மண்டபத்தில் சாப்பாடு, அடுத்த நாள் காலை ஒழுங்கைக்குள் படம் வேண்டும், என் இணையப் பக்கத்தில் படங்களைப் பார்த்திருக்கிறாள். விலை கேட்டாள், சொன்னேன், சரி என்றாள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. எழுதுகிறாள், நிற்பாட்டுகிறாள், எழுதுகிறாள், அது எனக்குத் திரையில் தெரிகிறது. கடைசியில் வந்தது இதுதான்: "அக்கா கோவிக்காதீங்க, ஒண்டு கேக்கலாமா? என்ட நிறத்தை மாத்தாம தருவீங்களா?"

நான் உடனே அழைத்துக் கதைத்தேன். அவளுடைய அக்காவின் கல்யாண ஆல்பம் வீட்டில் இருக்கிறதாம். அக்காவின் மகனுக்கு நாலு வயது. அவன் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு அப்பாவைக் காட்டி அப்பா என்றானாம், அம்மாவைக் காட்டி "இது ஆரு?" என்று கேட்டானாம். வீட்டில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். "அப்பதான் யோசிச்சன் அக்கா, என்ட ஆல்பத்தில நான்தான் இருக்கோணும் எண்டு" என்றாள். இதைச் சொல்லும்போது அவளுடைய குரலில் கோபம் இல்லை. ஏதோ அதிகமாகக் கேட்கிறோம், மேலதிகக் காசு கேட்பார்களோ என்கிற மாதிரி ஒரு தயக்கம்தான் இருந்தது. எனக்கு அடங்காமல் இருப்பது அந்தத் தயக்கம். தன் முகத்தைத் தன் முகமாகத் தரும்படி ஒரு பெண் காசு கொடுத்து, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு கேட்க வேண்டிய இடத்தில் எங்கள் தொழில் நிற்கிறது.

அந்தக் காலை அவளுடைய சொந்த ஒழுங்கைக்கே போனோம். பள்ளிக்கூடத்துக்கு அவள் நடந்து போன ஒழுங்கை அது, ஒரு பக்கம் பழைய சுண்ணாம்பு மதில், மறு பக்கம் புதிதாகக் கட்டிய கொங்கிறீட் கல் மதில், இன்னும் பூசவில்லை. மாப்பிள்ளையின் மச்சான் ஒருவர் வந்ததும் வேலை தொடங்கிவிட்டார், சைக்கிளைத் தள்ளி வைக்கிறார், கொடியில் கிடந்த உடுப்பை எடுக்கச் சொல்லி ஒரு வீட்டைக் கூப்பிடுகிறார், பிள்ளைகளை விரட்டுகிறார். பொம்பிளைதான் சொன்னாள், "விடுங்க அண்ணன், அதெல்லாம் அப்படியே கிடக்கட்டும்" என்று. எதிர்வீட்டு அம்மம்மா படலையில் கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "நான் படத்துக்க விழுறன் போல, உள்ளுக்குப் போகவா மகள்?" என்றார் என்னைப் பார்த்து. உங்களுக்கு விருப்பம் என்றால் இருங்கள், நல்லாக இருக்கும் என்றேன். எழும்பி உள்ளே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வேறு சேலை உடுத்து, திருநீறு பூசி, வந்து அதே கதிரையில் இருந்தார். பொம்பிளை அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு முதல் நாள் மண்டபத்தில் எனக்குக் கிடைக்கவே இல்லை. அதுவரை ஊர் பார்க்கிறதே என்று விறைத்துப்போய் நின்ற மாப்பிள்ளையும் அதற்குப் பிறகு தோளைத் தளர்த்திவிட்டார்.

கமராவில் நான் செய்தது சின்ன வேலை, ஆனால் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறம் கெடுவது கணினியில் இல்லை, அங்கேதான் தொடங்குகிறது. கமராவின் வெளிச்ச அளவி எதைக் காட்டினாலும் அதை நடுச் சாம்பலாக்கப் பார்க்கும், 18 வீதம் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிற சாம்பல். வெள்ளை மதில் நிறைந்த காட்சியைக் காட்டினால் மதிலைச் சாம்பலாக்கி முகத்தைக் கரியாக்கும். அப்படி எடுத்துக்கொண்டு வந்துவிட்டுத்தான் "ஆள் கறுப்பு, வெளுக்க வேண்டும்" என்று எடிட்டிங்கில் உட்காருகிறார்கள். மறுவளமாக, கறுத்த கன்னத்தில் மட்டும் அளந்தால் கன்னத்தையும் சாம்பலுக்கு இழுத்து வெளிறச் செய்யும். நான் அவளுடைய கன்னத்தில் புள்ளி வைத்து அளந்து அதில் இருந்து ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்தேன். எதிர்மதில் வெள்ளையாகப் போனால் போகட்டும் என்று விட்டேன். நிழல் மதிலில் அவளைச் சாயச் சொல்லி, வெயில் மதிலைப் பார்க்கச் சொன்னேன். கன்னத்தெலும்பின் மேல் ஒரு செம்பு நிறம் வந்தது, கண்ணின் கீழே கொஞ்சம் ஊதா கலந்த கபிலம், கழுத்தடியில் கூறையின் சிவப்பு. திரையில் காட்டினேன். அவள் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தன் முகத்தைப் பார்த்தாள். "ஓம் அக்கா, இதுதான்" என்றாள்.

ஆல்பம் அப்படியே போனது, கம்பியோடு, சைக்கிளோடு, அம்மம்மாவோடு. ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளையின் அம்மா அழைத்தார். மரியாதையான மனுசி, கோபமாகக் கதைக்கவில்லை. "படம் எல்லாம் வடிவு மகள், பிள்ளைய மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கித் தரலாமே, ஹோலில மாட்ட ஒண்டு வேணும்" என்றார். செய்ய மாட்டேன் என்று காரணத்தோடு சொன்னேன், பொம்பிளை கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். அவர் நான் கொடுத்த படக் கோப்பையே வேறொரு இடத்தில் கொடுத்து வெளுத்துப் பெரிதாகப் பிரேம் போட்டு ஹோலில் மாட்டிவிட்டார். வருகிற ஆட்கள் பார்ப்பது அதைத்தான். பொம்பிளையின் அலுமாரிக்குள் ஆல்பம் இருக்கிறது. ஒரே காலை, ஒரே ஒழுங்கை, ஒரே வீட்டுக்குள் இரண்டு பெண்கள். "வாடிக்கையாளர் கேட்கிறார்கள், நாங்கள் செய்கிறோம்" என்று என்னோடு வேலை செய்தவர்கள் எப்போதும் சொல்வார்கள். சரி, வாடிக்கையாளர் யார்? காசு கொடுக்கிற மாமியா, படத்துக்குள் இருக்கிற மருமகளா? என்னிடம் கேட்டால் மருமகள்தான். அந்த மாமியின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருடைய கல்யாணப் படத்தில் அவர் முகமும் என் அம்மாவின் முகம் மாதிரித்தான் விழுந்திருக்கும். வெளுப்பதை ஒரு சேவையாக விலைப்பட்டியலில் போட்டு வைத்திருக்கிற எங்கள் ஆட்களின் மேல்தான் கோபம்.

இப்போது யாராவது முதலில் எழுதினால் நானே சொல்லிவிடுகிறேன், அவர்கள் கேட்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பரு இருந்தால் எடுப்பேன், அது ஒரு கிழமையில் போகிற சாமான். மச்சம் எடுக்க மாட்டேன், நிறத்தைத் தொட மாட்டேன், கம்பியை விட்டுவிடுவேன். ஒழுங்கையில் இருக்கிற வீடுகளுக்கு முதல் நாள் போய்ச் சொல்லிவிட்டு வருவேன், விழ விருப்பமில்லாதவர்கள் அந்த நேரம் உள்ளே இருக்கலாம், விருப்பமானவர்கள் சேலை மாற்றலாம். இதைக் கேட்டுவிட்டு வேறு இடம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், கனபேர். மிஞ்சுகிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர் யாருக்கும் தெரியாமல் "தாங்ஸ் அக்கா" என்று தனியாக ஒரு செய்தி அனுப்புவார்கள்.

அடுத்த மாதம் காத்தான்குடியில் ஒரு சோடி. பெண்ணின் படம் எங்கேயும் போடக் கூடாது, வெளியாள் யாரும் பார்க்கக் கூடாது, ஆல்பம் மட்டும் வீட்டுக்கு, கோப்புகளை அவர்கள் முன்னால் அழித்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன். அவர்களுடைய ஒழுங்கையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், வடக்குத் தெற்காக ஓடுகிறது, கிழக்குப் பக்கம் உயரமான மதில், எதிரே வெளிர் மஞ்சள் பெயின்ற். மஞ்சள் முகத்தில் கொஞ்சம் ஏறும். காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.